எங்கள் வீட்டில் முதன்முதலாக ஓய்வு பெற்றவன்

போன மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்டார்: “அய்யா, ரிட்டயர்டு ஆனதும் முழுநேரமா இயக்க வேலைக்கு வந்துடுவேன்னு சொன்னீங்க. இப்போ உங்க ஸ்டேட்டஸ்ல பார்த்தா ஒரே சுற்றுலா போட்டோவா இருக்கு. இந்த ஒரு வருசத்துல எத்தனை ஆர்ப்பாட்டத்துக்கு வந்தீங்க, எத்தனை ஊர் சுத்தினீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் வருவாய்த்துறையில் குப்பை கொட்டியவனுக்குக் கணக்குப் பார்க்காமல் தூக்கம் வராது. ஆர்ப்பாட்டம் மூன்று. பயணம் நான்கு. தம்பி கேட்டது நியாயமான கேள்விதான். வாய்ப்பேச்சில் சொன்னால் நிற்காது என்பதால் எழுதியே பதில் தருகிறேன். கோப்பில் இருக்கட்டும்.

2023 ஜூன் 30 அன்று நான் ஓய்வு பெற்றேன். மாலையோடு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து என் அம்மா கேட்ட முதல் கேள்வி, “ஏன்டா பெரியவனே, என்ன தப்பு பண்ணே?”

அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. கை கால் நன்றாக இருக்கிற ஆளை எதற்காக வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்பது அவருக்குப் புரியவில்லை. அவர் எழுபது வயது வரை நாற்று நட்டவர். முட்டி மடங்காமல் போன பிறகுதான் கழனியில் இறங்குவதை நிறுத்தினார். அவருடைய அம்மா களத்துமேட்டிலேயே செத்துப் போனார். “வயசு அறுபது ஆயிடுச்சும்மா, இனிமே வேலைக்கு வர வேணாம், மாசா மாசம் பாதிச் சம்பளத்துக்கிட்ட வீட்டுக்கே வரும்” என்று சொன்னேன். அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். வேலை செய்யாதவனுக்கு எவன் கூலி கொடுப்பான்?

அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. எங்கள் பரம்பரையில் ஓய்வு பெற்ற முதல் ஆள் நான். படித்த முதல் ஆள், அரசு வேலைக்குப் போன முதல் ஆள் என்றெல்லாம் மேடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இதை ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

என் அப்பா எங்கள் ஊர் வெட்டியான். பிணம் எரிப்பது, பறை அடிப்பது, செத்த மாட்டைத் தூக்குவது, இவற்றோடு இழவு சொல்லப் போவதும் அவர் வேலை. ஊர்த் தெருவில் யாராவது செத்தால், சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் நடந்து போய்ச் செய்தி சொல்ல வேண்டும். நடுராத்திரியாக இருந்தாலும், அடைமழையாக இருந்தாலும் கிளம்ப வேண்டும். ஊர் எல்லை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு எதிரே தெருவில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். சில வீடுகளில் கொஞ்சம் நெல்லோ, கேழ்வரகோ தூரத்திலிருந்து துண்டில் போடுவார்கள். சில வீடுகளில் அதுவும் இல்லை. கெட்ட செய்தி கொண்டு வந்தவன் என்று திட்டிய வீடுகளும் உண்டு.

எங்கள் சேரியிலேயே அதிக ஊர் பார்த்தவர் அப்பாதான். எந்த ஊருக்கு எந்தக் குறுக்குவழி, எந்த ஏரிக்கரையில் நாய்த் தொல்லை, எந்த ஊரில் சேரி எந்தத் திசையில் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் போன ஊர் ஒன்றில்கூட ஒரு திண்ணையில் உட்கார்ந்தவர் இல்லை. 1986 மார்கழியில் அப்படி ஒரு செய்தி சொல்லிவிட்டு, பனியில் நடந்து காய்ச்சலோடு வந்து படுத்தவர் மூன்றாம் நாள் செத்துப் போனார். அவர் சாவைச் சொல்ல ஊரிலிருந்து யாரும் போகவில்லை. நான்தான் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வருடம் கழித்து, 1988-ல், தேர்வாணையத் தேர்வு எழுதித் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அப்பா போன்றவர்கள் வேப்பமரத்தடியில் நின்று கும்பிடு போட்ட அலுவலகத்தில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அது யார் போட்ட நாற்காலி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். 1994-ல் அலுவலகத்தில் எல்லோரும் பணம் போட்டு வேன் பிடித்து ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனோம். நானும் மற்றவர்களைப் போலவே பணம் கட்டியிருந்தேன். போகிற வழியில் ஒரு சக ஊழியரின் சொந்த ஊர். அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. வேன் அவர்கள் தெருவில் நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். அந்த நண்பர் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு ஒண்ணும் இல்லை. வீட்ல பெரியவங்க இருக்காங்க. உங்களுக்கு இங்கேயே கொடுத்தனுப்புறேன்” என்றார். நானும் டிரைவரும் வேனில் இருந்தோம். இலையில் கட்டிய பொட்டலம் வந்தது. டிரைவர் பிரித்துச் சாப்பிட்டார். நான் “பசியில்லை” என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான் நான் செய்த போராட்டம். பசியில்லை என்ற ஒரு சொல். நல்ல பசி.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லேயே வந்துவிட்டது. அதன் நகல் என் மேசை இழுப்பறையில் இருந்தது. என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்களுக்குப் பிரிவு எண்ணோடு புகார் எழுதிக் கொடுத்தவன் நான். எனக்கென்று வந்தபோது ஏற்காடு ஏரியில் எல்லோரோடும் சேர்ந்து போட்டோவுக்கு நின்றேன். திரும்பி வந்த பிறகு யாரோடும் எங்கேயும் போவதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டில் கேட்டால் செலவு என்றேன், பிள்ளைகள் படிப்பு என்றேன், லீவு இல்லை என்றேன். பயணம் என்றால் எனக்கு அந்த வேனின் சன்னல்தான். இதை என் இணையரிடம்கூடச் சொன்னதில்லை.

கடைசி மூன்று மாதம் வேறு ஒரு பயம். அரசு ஊழியர்களுக்கு அது தெரியும். எப்போதோ போட்ட கையெழுத்துக்கு 17(ஆ) குறிப்பாணை வந்து, ஓய்வு பெறும் நாளன்று மாலையில் பணியிடை நீக்க உத்தரவைக் கையில் கொடுக்கும் வழக்கம் இருந்தது. நம்மவர்களுக்கு இந்தப் பயம் கொஞ்சம் கூடுதல். தவறு செய்யாதவனும் பயப்பட வேண்டும். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. வழியனுப்பு விழா நடந்தது. ஓர் அதிகாரி மனம் உருகிப் பேசினார்: “அவர் அந்தச் சமூகத்துல பிறந்திருந்தாலும், அவ்வளவு டீசன்ட்டான மனுசர்.” எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் இணையர் மட்டும் கைதட்டவில்லை. ஆட்டோவில் வரும்போது, “அந்த மாலையை ஆட்டுக்குப் போட்டுடுங்க” என்றார். போட்டோம். ஆடு விரும்பித் தின்றது.

அந்த வருடம் விஜயதசமி நெருங்கும்போது இருவரும் நாக்பூருக்குக் கிளம்பினோம். சென்ட்ரலில் ஜி.டி. எக்ஸ்பிரஸ். எதிர் இருக்கையில் நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று. பெரியவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். பிறகு வழக்கமான விசாரணை. எந்த ஊர்? ஊர்ல எந்தப் பக்கம்? பெரிய தெருவா, கோயில் தெருவா? இந்தக் கேள்விகளின் முடிவு எது என்று நமக்குத் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் நான் “மெயின் ரோட்டுக்குப் பக்கத்துலங்க” என்று இழுத்தேன். என் இணையர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, “காலனிங்க. அம்பேத்கர் புத்த மதத்துக்கு மாறின இடத்தைப் பார்க்கப் போறோம். நீங்க எங்க போறீங்க?” என்றார். பெரியவர் டெல்லி என்று சொல்லிவிட்டுக் கைப்பேசிக்குள் போய்விட்டார். எலுமிச்சைச் சாதம் அன்றைக்கு அவ்வளவு ருசியாக இருந்தது.

தீட்சா பூமியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 1956 அக்டோபர் 14. பாபாசாகேப் பௌத்தம் தழுவி, கூடியிருந்த லட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளைச் சொல்லித் தந்த இடம். படித்தது வேறு, அங்கே நிற்பது வேறு. மகாராஷ்டிரக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நம் அம்மாக்களைப் போன்ற கிழவிகள் மூட்டையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருக்கிறார்கள். நேர்த்திக்கடன் இல்லை, உண்டியல் வரிசை இல்லை. புத்தகக் கடைகள்தான் வரிசை வரிசையாக. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி பேரனுக்காகப் பேரம் பேசிப் புத்தகம் வாங்கியதைப் பார்த்தேன். ஒரு மக்கள் கூட்டம் திருவிழாவுக்குப் போய்ப் புத்தகத்தோடு திரும்புகிறது என்றால், அந்தத் தலைவர் என்ன செய்துவிட்டுப் போனார் என்று வேறு யாரும் விளக்க வேண்டாம்.

மரத்தடியில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, துணியை அவிழ்த்துச் சோள ரொட்டியும் காரச் சட்னியும் எடுத்து என் இணையர் கையில் வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு மராத்தி தெரியாது. “ஜெய்பீம்” என்றார். “ஜெய்பீம்” என்றோம். எந்த ஊர், எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. என் வாழ்நாளில் முன்பின் தெரியாத ஒருவர் கையால், ஒரு கேள்வியும் இல்லாமல் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து அவுரங்காபாத். அந்த ஊருக்கு இப்போது சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர். அங்கே பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரை வைக்க 1978-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்ததும் மராத்வாடா முழுக்க நம் மக்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 16 வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1994 ஜனவரி 14 அன்றுதான் பெயர் சூட்ட முடிந்தது. அதுவும் இருந்த பெயரோடு சேர்த்து. அந்த நுழைவாயிலில் நின்று இருவரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். தம்பி பார்த்த சுற்றுலாப் போட்டோக்களில் அதுவும் ஒன்று.

மறுநாள் தௌலதாபாத் கோட்டை. முகமது பின் துக்ளக் தலைநகரை மாற்றிய கதையில் வரும் அதே கோட்டை. சுற்றுலா வழிகாட்டிகள் பீரங்கியையும் சாந்த் மினாரையும் காட்டுவார்கள். நமக்கு அது வேறு ஒரு காரணத்துக்காக முக்கியமான இடம். “விசாவுக்காகக் காத்திருத்தல்” படித்தவர்களுக்குத் தெரியும். 1934-ல் பாபாசாகேப் தோழர்கள் சுமார் முப்பது பேரோடு இந்தப் பக்கம் சுற்றுலா வந்தார். ஆமாம் தம்பி, சுற்றுலாதான். பயணப் புழுதி போகக் கோட்டை வாசலுக்கு வெளியே இருந்த குளத்தில் முகம் கழுவினார்கள். தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று அங்கிருந்த முஸ்லிம்கள் கூடிச் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் கோட்டைக்குள் எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லி, ஆயுதம் ஏந்திய காவலாளி ஒருவரைக் கூடவே அனுப்பினார்கள். அப்போது அவர் லண்டனில் முனைவர் பட்டம் வாங்கியவர், பாரிஸ்டர், வட்டமேசை மாநாடுகளில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தவர். இந்து மதத்தில் தீண்டத்தகாதவன் மற்ற மதத்தவருக்கும் தீண்டத்தகாதவனே என்பதற்கு அவர் தந்த சாட்சி அது.

என் இணையருக்கு மூட்டு வலி. மேலே ஏற முடியாது என்றார். நானும் பாதி வழியில் திரும்பிவிட்டேன். வாசல் பக்கம் நிழலில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும் என் வாயிலிருந்து தானாகவே அந்த வேன் கதையும் வந்துவிட்டது. ஏற்காடு, இலைப் பொட்டலம், பசியில்லை. இருபத்தொன்பது வருடம் கழித்து.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் கதையைச் சொன்னார். அவர் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள். “காலனிக்காரங்க கை பட்ட சோறு வேணாம்” என்று பெற்றோர் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதம், தினமும் பாதிச் சாம்பார் மீந்தது. மீந்ததைக் கணக்கில் காட்டினால் பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு என்று வேலைக்கே ஆபத்து. அதனால் தினமும் சாயங்காலம் பின்பக்கம் பள்ளம் தோண்டி ஊற்றிவிட்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சிரித்துக்கொண்டே சமைத்துப் போட்டிருக்கிறார். “உங்ககிட்ட சொன்னா ஆபீஸ்ல போய் சண்டை போடுவீங்கன்னு பயந்தேன்” என்றார்.

சண்டை போடுவேனாம். வேனில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி அப்படி ஒரு நம்பிக்கை.

ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்த அவமானங்கள். சொல்ல நேரம் இல்லை என்பது மட்டும் காரணம் இல்லை. மறுநாள் காலையில் அதே அலுவலகத்துக்கு, அதே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். சொல்லிவிட்டால் போக முடியாது. திரும்பிப் போக வேண்டியதில்லை என்ற பிறகுதான் வாய் திறந்தது. ஓய்வு என்பது எனக்கு என்ன கொடுத்தது என்று யாராவது கேட்டால், இதைத்தான் முதலில் சொல்வேன்.

கடைசியாக மகாட். புனே போய், அங்கிருந்து மலைப்பாதையில் எஸ்.டி. பேருந்து. சவுதார் குளம் இப்போது ஊர் நடுவே, படிக்கட்டுகளோடு, அம்பேத்கர் சிலையோடு இருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று அவர் இறங்கி ஒரு கை தண்ணீர் குடித்த குளம். மாணவர்களுக்கு இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் படியில் உட்கார்ந்தபோது என்னைக் குத்தியது அந்தக் கதையில் நான் இதுவரை வேகமாகத் தாண்டிப்போன ஒரு பகுதி.

பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டத்தகாதவர்களுக்கும் உரியவை என்று பம்பாய் சட்டமன்றத்தில் 1923-லேயே எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1924-ல் மகாட் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. அதாவது உத்தரவு தயார். கோப்பு முடிந்தது. ஆனால் மூன்று வருடம் ஒருவரும் அந்தத் தண்ணீரைத் தொட முடியவில்லை. குடித்த பிறகும், சாணியும் கோமியமும் ஊற்றிக் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். வழக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றத் தீர்ப்பு 1937-ல்தான் வந்தது. கோப்பில் இருக்கும் உரிமைக்கும் கையில் அள்ளும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருந்திருப்பார்கள்?

அந்தக் குமாஸ்தாக்களில் நானும் ஒருவன். சொல்லிவிடுகிறேன். 2001 வாக்கில் ஓர் அம்மா என் இருக்கைக்குப் பதினோரு முறை வந்தார். மாமனாருக்குக் கிடைத்த பஞ்சமி நிலம் மூன்று ஏக்கர். ஊரில் பெரிய கை ஒன்று அதை வளைத்து வைத்திருந்தது. 1892-ல் ஆங்கில அரசு நம் மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய நிலம் அது. முதல் பத்து வருடம் விற்கவே கூடாது, அதன் பிறகும் நம் மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்பது நிபந்தனை. எனக்கு அது தெரியும். கள விசாரணைக்குக் குறிப்பு எழுதி வைத்தேன். கோப்பு மேலே போய் ஆறு மாதம் கழித்து வாய்மொழி உத்தரவோடு திரும்பி வந்தது. “மேல்நடவடிக்கை தேவையில்லை” என்று முடிவுக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். கையெழுத்து வேறு ஒருவருடையது. எழுதிய கை என் கை. பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. பன்னிரண்டாவது முறை அந்த அம்மா வந்தபோது நான் எழுந்து பதிவறைக்குப் போய்விட்டேன்.

மகாட் குளத்துப் படியில் என் இணையரிடம் இதையும் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. “அந்த ஊர் பேர் ஞாபகம் இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இருந்தது.

பன்னிரண்டு நாள் பயணம், இருவருக்கும் சேர்த்து ரூ. 31,000 செலவு. திரும்பி வந்த மறு வாரம் அந்த ஊருக்குப் போனேன். அந்த அம்மா இறந்துவிட்டார். பேரன் இருக்கிறார், பெயின்டர் வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் பிரிவு 6(1)-ன் கீழ் மனு போட்டோம். 30 நாளில் பதில் இல்லை. பிரிவு 19(1)-ன் கீழ் முதல் மேல்முறையீடு போட்டோம். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகல் கிடைத்தது. இப்போதைய அ-பதிவேட்டில் காணாமல் போயிருந்த நிபந்தனை, பழைய பதிவேட்டில் தெளிவாக இருக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. நிலம் இன்னும் வரவில்லை. வரும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் இன்று எந்தப் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கும், எந்தப் பதில் சாக்கு, எந்தப் பதில் சட்டம் என்று சொல்ல அந்தப் பேரன் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறான். இதுவரை ஏழு கிராமங்களுக்கு இப்படி மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். தம்பி, இதை நீ ஆர்ப்பாட்டக் கணக்கில் சேர்ப்பாயோ மாட்டாயோ, எனக்குத் தெரியாது.

உன் கேள்வியில் பாதி சரி என்று ஒப்புக்கொள்கிறேன். 1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில், படித்து வேலைக்குப் போனவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று பாபாசாகேப் வேதனைப்பட்டதை நீ எனக்கு எதிராக எடுத்துக் காட்டலாம். 1978-ல் கன்ஷிராம் பாம்செஃப் தொடங்கியதே, வேலை வாங்கியவர்கள் சமூகத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதற்காகத்தான். வேலையில் இருந்த காலத்தில் நான் தந்தது குறைவு. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் மீதிப் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓய்வும் பயணமும் நடுத்தர வர்க்கச் சொகுசு, போராளிக்கு அது ஆகாது என்ற எண்ணம் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். நம்மை ஓயாமல் வேலை வாங்கியவர்கள் சொல்லித் தந்தது அது. சேரிக்காரன் உட்கார்ந்தால் சோம்பேறி, ஊர்க்காரன் உட்கார்ந்தால் பெரிய மனுசன். பாபாசாகேப் அப்படி நினைக்கவில்லை. வைசிராய் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, ஆலைத் தொழிலாளர்களுக்கு ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கு 1945-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தவர் அவர். 1946-ல் வாரத்துக்கு 54 மணி நேர வேலையை 48 மணியாகக் குறைத்ததும் அவர் கொண்டுவந்த திருத்தம்தான். ஓய்வை அவர் யாரும் போடும் பிச்சையாகப் பார்க்கவில்லை. உரிமையாகச் சட்டத்தில் எழுதினார்.

அந்த உரிமை இப்போது யாருக்கு இருக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. எனக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அலுவலகங்களில் பல வேலைகள் வெளி முகமைக்குப் போய்விட்டன. அங்கே ஓய்வூதியமும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை. நம் பிள்ளைகள் நாற்காலிக்குப் பக்கத்தில் வரும் நேரத்தில் நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். தெருவைக் கூட்டும் நம் பெண்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. என் இணையரும் நானும் ஒரே அரசுக்குத்தான் உழைத்தோம். அவர் வாங்கும் ஓய்வூதியத்தைச் சொன்னால் ஒரு மாதக் காய்கறிச் செலவோடு முடிந்துவிடும். என் தங்கை ஐம்பத்தைந்து வயதில் நூறு நாள் வேலைக்கு மண் சுமக்கிறார். என் நாக்பூர் பயணத்தைப் பார்த்து நீ கோபப்பட வேண்டாம். என் தங்கையால் ஏன் போக முடியவில்லை என்று கோபப்படு. அந்தக் கோபத்துக்கு ஆர்ப்பாட்டம் வைத்தால் கூப்பிடு, முதல் ஆளாக வருகிறேன். அடுத்த வருடக் கணக்கில் எண்ணிக்கை மாறும்.

அம்மா இப்போதும் அவ்வப்போது கேட்கிறார், “மறுபடியும் எங்கடா கிளம்பிட்டே, யாராவது செத்துட்டாங்களா?” அவருக்குத் தெரிந்து நம் வீட்டு ஆம்பிளை வெளியூர் கிளம்புவது அதற்குத்தான். “இல்லம்மா, சும்மா பார்த்துட்டு வரலாம்னு” என்பேன். “சும்மாவா?” என்று சிரிப்பார். அந்தச் ‘சும்மா’வுக்கு எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஆயிற்று.

அடுத்த மாதம் கோலார் தங்கவயல் போகிறோம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் கிளைவிட்ட ஊர், வட ஆற்காட்டிலிருந்து போன நம் மக்கள் உயிரைக் கொடுத்துத் தோண்டிய சுரங்கம், 2001-ல் மூடிவிட்டார்கள். இந்த முறை தங்கையையும் கூட்டிப் போகிறேன். அவருக்குப் போகும் கூலியை நான் தந்துவிடுவேன் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. கேள்வி கேட்ட தம்பி வருவதானால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவும். டிக்கெட் என் பென்ஷனில். திரும்பி வந்த மறுநாள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை. அதற்கும் கூட வர வேண்டும்.

ஜெய்பீம்.